மென்படலத்தின் ஒளிப்பண்புகளை அளப்பது: வடசென்னை மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எம்.எஸ்சி. இயற்பியல் புராஜெக்ட் என்றதும் நம் பக்கத்துக் கல்லூரிகளில் பலர் கை வைப்பது குறைக்கடத்தி மென்படலத்தில்தான். பெரிய வெற்றிடக் கருவி எதுவும் வேண்டாம். ஹாட் பிளேட்டும் பீக்கரும் இருந்தால் கெமிக்கல் பாத் முறையில் காட்மியம் சல்ஃபைடு படியவைத்துவிடலாம். மூச்சுத்திணறலுக்கு வைக்கும் நெபுலைசரைக் கொண்டே ஜிங்க் ஆக்சைடு தெளிப்பவர்களும் உண்டு. படலம் வந்தபின் எல்லோரும் செய்வது ஒன்றுதான். யுவி-விஸ் கருவியில் எந்த அலைநீள ஒளி எவ்வளவு ஊடுருவுகிறது என்று எடுக்கிறார்கள், அதிலிருந்து டாக் பிளாட் என்ற வரைபடம் போடுகிறார்கள், அதில் வரும் பேண்ட் கேப் (எலெக்ட்ரானைத் தாவவைக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) புத்தகத்தில் இருக்கும் எண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் நிம்மதியாகிவிடுகிறார்கள்.

அந்த நிம்மதியை நம்ப வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பேண்ட் கேப் ரொம்பவும் பொறுமையான எண். தடிமனைத் தப்பாகப் போட்டாலும், கருவி பத்தடி மடக்கையில் தரும் அப்சார்பன்ஸை இயல் மடக்கைக்கு மாற்றும் 2.303-ஐக் கணக்கில் விட்டுவிட்டாலும் அது அசைந்து கொடுக்காது. அதே அளவீட்டிலிருந்து எடுக்கும் உட்கவர் குணகம் (படலம் ஒளியை எவ்வளவு பலமாக விழுங்குகிறது என்பதன் அளவு), ஒளிவிலகல் எண், உர்பாக் ஆற்றல் (குறைபாடுகளால் விளிம்புக்குக் கீழே நீளும் உட்கவர்தல் வாலின் அகலம்) எல்லாம் அவ்வளவு பொறுமையானவை அல்ல. தடிமன், எதிரொளிப்பு, சிதறல் என்று ஏதோ ஒன்றில் சின்னப் பிசகு வந்தாலே ஆட்டம் காணும். பேண்ட் கேப் சரியாக வந்தது என்பதால் மட்டும் அளவீடு சரி என்று ஆகிவிடாது. எனவே கணக்கைவிட, கணக்குக்கு முன்னால் உள்ள வேலைக்கே இங்கே அதிக இடம் தருகிறேன்.

ஸ்லைடிலிருந்து தொடங்குங்கள்

கடையில் கிடைக்கும் சாதாரண மைக்ரோஸ்கோப் ஸ்லைடு 75 மில்லிமீட்டர் நீளம், 25 மில்லிமீட்டர் அகலம், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் தடிமன். பாரிமுனைப் பக்கத்து லேப் சாமான் கடைகளில் பெட்டியாக வாங்கலாம். ஒரு புராஜெக்டுக்குத் தேவையான ஸ்லைடு முழுவதையும் ஒரே பெட்டியிலிருந்து எடுங்கள். கண்ணாடி கொஞ்சம் மாறினாலும் அதன் ஊடுருவல் மாறும். அப்புறம் படலத்தில் மாற்றமா, கண்ணாடியில் மாற்றமா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இந்தச் சோடா-லைம் கண்ணாடி கட்புலன் ஒளியைத் தாராளமாக விடும். சுமார் 350 நானோமீட்டருக்குக் கீழே தானே ஒளியை விழுங்கத் தொடங்கி, 300 பக்கம் போகும்போது கிட்டத்தட்ட சுவராகிவிடும். காட்மியம் சல்ஃபைடின் பேண்ட் கேப் சுமார் 2.42 எலெக்ட்ரான் வோல்ட். அதன் விளிம்பு, அதாவது ஒளியைப் பலமாக விழுங்கத் தொடங்கும் இடம், 512 நானோமீட்டரில் வருவதால் கவலையில்லை. ஜிங்க் ஆக்சைடு 3.3 பக்கம், அதாவது 375 முதல் 380 நானோமீட்டர், இதுவும் சமாளிக்கலாம். டின் ஆக்சைடு, ஜிங்க் சல்ஃபைடு இரண்டும் 3.6-ஐ ஒட்டியவை, 345 நானோமீட்டர் வாக்கில் விளிம்பு வரும். அங்கே நீங்கள் அளப்பது படலத்தையா கண்ணாடியையா என்ற சந்தேகம் கடைசி வரைக்கும் தீராது. இவற்றுக்குக் குவார்ட்ஸ் தகடு வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம்.

கழுவும் வரிசை: சோப்புத் திரவம், காய்ச்சி வடித்த நீர், அசிட்டோன், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். அல்ட்ராசோனிக் தொட்டி இருந்தால் ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து நிமிடம். அசிட்டோனிலிருந்து எடுத்த ஸ்லைடு காற்றில் காய்ந்துவிடக் கூடாது, கறை விழும். ஈரத்தோடே ஆல்கஹாலுக்கு மாற்றுங்கள். பழைய லேப்களில் குரோமிக் அமிலம் வைத்திருப்பார்கள். அது நஞ்சு, அதன் கழிவும் நஞ்சு, இந்த வேலைக்குத் தேவையும் இல்லை. சுத்தமானதா என்று பார்க்க ஸ்லைடின் மேல் நீரை வழியவிடுங்கள். நீர் ஒரே தகடாகப் பரவினால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய்ப் பசை இன்னும் இருக்கிறது.

கடைசிக் கழுவலுக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். நம் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் கலந்திருப்பது ஊரறிந்தது. காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-இல் வந்ததும் அந்தத் தட்டுப்பாட்டில்தான். போர்வெல் தண்ணீரில் அலசிய ஸ்லைடு காய்ந்ததும் வெள்ளை வளையங்கள் விடும். கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்தாலும் அந்த உப்புத் துகள்கள் ஒளியைச் சிதறடிக்கும். சிதறல் நீலப் பக்கம் கூடுதலாக இருப்பதால், வரைபடத்தில் அது அசல் உட்கவர்தலைப் போலவே வேஷம் போடும்.

காற்றும் அப்படித்தான். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரத்தில் லேப் இருந்தால், மதியம் கடற்காற்று ஏறும் நேரத்தில் ஜன்னலைத் திறந்துவைத்துப் படலத்தைக் காயப்போடாதீர்கள். உப்பு ஈரமும் தூசியும் சேர்ந்தே வரும். படலம் போட்டதும் மூடியுள்ள பெட்ரி டிஷ்ஷில் வைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டருக்குள் தள்ளிவிடுங்கள். ஆக்சைடுகள் ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஹாலைடு பெராவ்ஸ்கைட் மாதிரிச் சரக்குகள் சென்னை ஈரப்பதத்தில் உங்கள் கண் முன்னாலேயே நிறம் மாறும். குளோவ் பாக்ஸ் (காற்றும் ஈரமும் புகாமல் உள்ளே கைவிட்டு வேலை செய்யும் பெட்டி) இல்லாமல் அதில் இறங்க வேண்டாம்.

இன்னொன்று. கெமிக்கல் பாத்திலும் டிப் கோட்டிங்கிலும் ஸ்லைடின் இரண்டு முகத்திலும் படலம் ஏறும். அப்படியே அளந்தால் இரண்டு படலத்தின் கூட்டுக் கணக்குதான் வரும். ஒரு முகத்தை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுங்கள். காட்மியம் சல்ஃபைடு என்றால் இதை ஃபியூம் ஹூடுக்குள், கையுறையோடு மட்டும் செய்யுங்கள்: அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும், காட்மியமோ நஞ்சு. துடைத்த பஞ்சையும் பாத் கரைசலையும் சிங்க்கில் போடாமல், லேபிள் ஒட்டிய பாட்டிலில் சேர்த்துத் துறையிடம் ஒப்படையுங்கள். துடைத்து முடித்ததும் எந்த முகத்தில் படலம் இருக்கிறது என்று ஓரத்தில் டைமண்ட் பென்சிலால் ஒரு குறி போடுங்கள். மெல்லிய ஜிங்க் ஆக்சைடு படலம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

எவ்வளவு தடிமன்?

படலம் போடும் முன்பே யோசிக்க வேண்டிய கேள்வி இது. பேண்ட் கேப்புக்கு மேலே நேரடி இடைவெளிப் பொருள்களின் (காட்மியம் சல்ஃபைடு, ஜிங்க் ஆக்சைடு போன்றவை) உட்கவர் குணகம் சென்டிமீட்டருக்கு 1 லட்சம் என்ற அளவுக்குப் போகும். படலம் ஒரு மைக்ரோமீட்டர் இருந்தால் ஊடுருவல் 0.005 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். சாதாரணக் கருவிக்கு அது வெறும் இருட்டு. அதே பொருள் 200 நானோமீட்டர் என்றால் சுமார் 13 சதவீதம் வரும், நன்றாகவே அளக்கலாம். மறுபக்கம் 50 நானோமீட்டர் படலத்தில் விளிம்பு மங்கலாகி, ஒளிவிலகல் எண் எடுக்கத் தேவையான குறுக்கீட்டு அலைகளும் வராது. 200 முதல் 500 நானோமீட்டர் என்பது முதல் முறை செய்பவருக்கு வசதியான இடம்.

தடிமனை அளக்க ஸ்டைலஸ் புரோஃபைலோமீட்டர் கிடைத்தால் நல்லது. அதற்கு ஒரு படி வேண்டும் என்பதால், படலம் போடும்போதே ஸ்லைடின் ஒரு ஓரத்தை வெப்பம் தாங்கும் டேப்பால் மறைத்துவிடுங்கள். கல்லூரியில் அது இல்லையென்றால் எடை முறை. படலத்துக்கு முன்னும் பின்னும் எடை போட்டு, வித்தியாசத்தைப் பரப்பாலும் அடர்த்தியாலும் வகுப்பது. 10 சதுர சென்டிமீட்டரில் 500 நானோமீட்டர் ஜிங்க் ஆக்சைடின் எடை சுமார் 2.8 மில்லிகிராம். தராசு 0.1 மில்லிகிராம் வரை காட்டினால் சமாளிக்கலாம். ஆனால் 100 நானோமீட்டர் படலம் அரை மில்லிகிராம் சொச்சம்தான். அங்கே தராசு ஒரு இலக்கம் ஆடினாலே தடிமன் இருபது சதவீதம் ஆடிவிடும். தெளித்த படலங்களில் துளைகளும் இருக்கும், ஆகவே புத்தக அடர்த்தியைப் போட்டால் தடிமன் குறைவாகவே வரும். எடை முறைத் தடிமனை ஒரு மதிப்பீடு என்று மட்டும் எழுதுங்கள்.

சாம்பிளை எடுத்துக்கொண்டு போவது

பல கல்லூரிகளில் யுவி-விஸ் இருக்கும், கரைசல் அளக்கும் குவெட் ஹோல்டர் மட்டும் இருக்கும். ஸ்லைடு பிடிக்கும் ஃபிலிம் ஹோல்டரோ எதிரொளிப்பு இணைப்போ இருக்காது. அப்போது வெளியே போக வேண்டும். சென்னை ஐஐடியில் உள்ள சைஃப் (SAIF) என்ற பகுப்பாய்வுக் கருவி மையம் வெளி மாணவர்களின் சாம்பிளைக் கட்டணத்துக்கு அளந்து தருகிறது. முன்பதிவு, துறைத்தலைவர் கையெழுத்து எல்லாம் நேரம் பிடிக்கும், எனவே வைவாவுக்கு முந்தின மாதம் வரை காத்திருக்காதீர்கள்.

விம்கோ நகரிலிருந்து கிண்டி வரை ஒரே மெட்ரோ. ஸ்லைடுகளைப் பள்ளம் உள்ள ஸ்லைடு பாக்ஸில் செருகி எடுத்துப்போங்கள். டிஷ்யூவில் சுற்றினால் பஞ்சு ஒட்டும், படலமும் உராயும். இன்னொரு விஷயம் பலருக்கும் தோன்றாது: ஏசியில் குளிர்ந்த ஸ்லைடை வெளிக்காற்றில் திறந்தால், மெட்ரோவை விட்டு இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மங்குவது போல ஈரம் படியும். பெட்டி அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும்.

கருவி முன்னால்

போட்டவுடன் அளக்காதீர்கள். விளக்குகள் நிலைக்கு வர இருபது முப்பது நிமிடம் ஆகும். புற ஊதாவுக்கு டியூட்டீரியம் விளக்கு, மற்றதற்கு டங்ஸ்டன் ஹாலஜன் விளக்கு என்று உள்ளே இரண்டு இருக்கும். 320-க்கும் 360-க்கும் நடுவில் எங்கோ ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும். ஜிங்க் ஆக்சைடின் விளிம்புக்கு மிகப் பக்கத்திலேயே இந்த மாற்றம் வருகிறது என்பதால், உங்கள் கருவியில் அது எந்த அலைநீளத்தில் என்று கேட்டுக் குறித்துவையுங்கள். அங்கே வரைபடத்தில் ஒரு சின்னப் படி தெரிந்தால் அது கருவியின் படி. படலத்தின் கண்டுபிடிப்பு அல்ல. அண்மை அகச்சிவப்பு வரை போகும் கருவிகளில் டிடெக்டர் மாறும் இடத்திலும், 800-900 வாக்கில், இதே கதை.

பேஸ்லைன் (கருவி 100 சதவீதம் என்று வைத்துக்கொள்ளும் அடிக்கோடு) எடுக்கும்போது சாம்பிள் பாதை, ஒப்பீட்டுப் பாதை என்ற இரண்டு கதிர்ப்பாதையும் காலியாக, வெறும் காற்றாக இருக்கட்டும். அப்புறம் மூன்று சோதனைகள். இதில் போகும் ஐந்து நிமிடம் பிறகு பல நாள் குழப்பத்தைத் தவிர்க்கும்.

ஒன்று: எதையும் வைக்காமல் ஒரு ஸ்கேன். முழு அலைநீளத்துக்கும் 100-ஐ ஒட்டிய தட்டையான கோடு வர வேண்டும்.

இரண்டு: கறுப்பு அட்டையால் சாம்பிள் பாதையை முழுக்க மறைத்து ஒரு ஸ்கேன். பூஜ்யம் வர வேண்டும். 0.3, 0.5 என்று நின்றால் வெளி ஒளி புகுகிறது அல்லது கருவிக்குள்ளேயே சிதறிய ஒளி இருக்கிறது. அந்த அளவுக்குக் கீழே நீங்கள் எடுக்கும் எந்த ஊடுருவலும் பொய்.

மூன்று: கழுவிய வெறும் ஸ்லைடு. இதுதான் எனக்குப் பிடித்த சோதனை. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.52 என்றால் ஒவ்வொரு முகத்திலும் சுமார் 4.3 சதவீதம் எதிரொளிக்கும். உள்ளே நடக்கும் மறு எதிரொளிப்பையும் சேர்த்தால் ஊடுருவல் 91.8 சதவீதம். கட்புலன் பகுதியில் உங்கள் ஸ்லைடு 91, 92 காட்டினால் கருவியும் நீங்களும் சரி. 86 காட்டினால் படலத்தைத் தொடவே வேண்டாம். ஸ்லைடு அழுக்கு, அல்லது சாய்ந்து நிற்கிறது, அல்லது ஹோல்டர் கதிரின் ஓரத்தை வெட்டுகிறது.

ஒப்பீட்டுப் பாதையில் வெறும் ஸ்லைடு வைப்பதா, காற்றா? பல லேப்களில் பழக்கமாகவே ஸ்லைடு வைப்பார்கள். அப்படிச் செய்தால் கண்ணாடியின் உட்கவர்தல் கழிந்துவிடும் என்பது உண்மை. ஆனால் குறுக்கீட்டு அலைகளிலிருந்து ஒளிவிலகல் எண் எடுக்கும் சூத்திரங்கள், கண்ணாடியும் சேர்ந்த மொத்த ஊடுருவலைத்தான் கேட்கின்றன. ஆகவே காற்றை ஒப்பீடாக வைத்து, படலமுள்ள ஸ்லைடையும் வெறும் ஸ்லைடையும் தனித்தனியாக அளந்து இரண்டு கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் கையில் இருந்தால் பின்னால் எப்படி வேண்டுமானாலும் வகுத்துக்கொள்ளலாம். வகுத்ததை மட்டும் சேமித்தால் திரும்பிப் போக வழி இல்லை.

படலமுள்ள முகம் விளக்கு வரும் பக்கம் பார்க்கட்டும், எல்லாச் சாம்பிளுக்கும் ஒரே மாதிரி. ஸ்லைடு கதிருக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தால் அலைகள் குறைந்த அலைநீளம் பக்கம் நகரும். படலம் திட்டுத்திட்டாக இருந்தால், சிறு துளை வெட்டிய கறுப்புக் காகிதத்தை மறைப்பாக வைத்து, நல்ல பகுதியில் மட்டும் கதிர் விழும்படி செய்யலாம். அப்போது அதே மறைப்போடு பேஸ்லைனையும் மறுபடி எடுக்க வேண்டும். ஒரு நானோமீட்டர் இடைவெளி, நடுத்தர வேகம் போதும். அவசரத்தில் வேகத்தைக் கூட்டினால் சில கருவிகளில் விளிம்பே இடம் நகரும். அலைநீள அளவில் சந்தேகம் வந்தால் டியூட்டீரியம் விளக்கின் 486.0, 656.1 நானோமீட்டர் கோடுகள் சரியான இடத்தில் வருகின்றனவா என்று ஆபரேட்டரிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

எதிரொளிப்பையும் எடுங்கள்

முடிந்தால் என்று சொல்லவில்லை, எடுங்கள். இன்டெகிரேட்டிங் ஸ்பியர் இருந்தால் வெள்ளை பேரியம் சல்ஃபேட் தட்டோடு ஒப்பிடுவார்கள். 5 அல்லது 8 டிகிரி சாய்வில் அளக்கும் சின்ன இணைப்பு என்றால் அலுமினியக் கண்ணாடியோடு ஒப்பிடுவார்கள். அலுமினியக் கண்ணாடி 100 சதவீதம் எதிரொளிப்பதில்லை, கட்புலனில் 90 வாக்கில்தான்; அதன் அசல் மதிப்பால் பெருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்தல் என்றால் ஒரு கணக்கைப் பாருங்கள். படலம் 500 நானோமீட்டர், ஊடுருவல் 0.60, எதிரொளிப்பு 0.15. சூத்திரம் இது:

உட்கவர் குணகம் = (1 ÷ தடிமன்) × இயல் மடக்கை [(1 − எதிரொளிப்பு)² ÷ ஊடுருவல்]

தடிமனைச் சென்டிமீட்டரில் போட்டால் விடை சுமார் 3,700. எதிரொளிப்பை மறந்து வெறும் ஊடுருவலை வைத்துப் போட்டால் 10,200. கிட்டத்தட்ட மூன்று மடங்கு! படலம் விழுங்காத ஒளியை, அதாவது வெறுமனே திருப்பி அனுப்பிய ஒளியை, விழுங்கியதாகக் கணக்கு எழுதிவிட்டோம். இப்போது விளிம்பைத் தாண்டி, ஊடுருவல் 0.02 உள்ள இடத்துக்குப் போங்கள். எதிரொளிப்போடு 71,700, இல்லாமல் 78,200. வித்தியாசம் ஒன்பது சதவீதம்தான். உட்கவர்தல் பலமாக உள்ள இடத்தில் எதிரொளிப்பை விட்டாலும் பிழைத்துக்கொள்ளலாம். பலவீனமாக உள்ள இடத்தில் விட்டால் எல்லாம் போச்சு.

எதிரொளிப்பு கையில் இருந்தால் இன்னொரு லாபம். படலம் ஒளியை விழுங்காத நீண்ட அலைநீளப் பகுதியில் ஊடுருவலையும் எதிரொளிப்பையும் கூட்டிப் பாருங்கள். 100-க்குப் பக்கத்தில் வர வேண்டும். 104 வந்தால் பேஸ்லைன் தப்பு. 85 வந்தால் மீதி 15 சிதறிப் போகிறது, படலம் பால் போலத் தெரிகிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள்.

எதிரொளிப்பு அளக்க வழியே இல்லையென்றால், ஒளிவிலகல் எண்ணிலிருந்து மதிப்பிடலாம். எண்ணில் ஒன்றைக் கழித்து, எண்ணோடு ஒன்றைக் கூட்டியதால் வகுத்து, வர்க்கமாக்குங்கள். 2.0 என்றால் 11 சதவீதம். பூஜ்யம் என்று வைத்துக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.

அலைகள் தெரிந்தால் அதிர்ஷ்டம்

வரைபடத்தின் நீண்ட அலைநீளப் பக்கம் மேலும் கீழுமாக அலை வந்தால் சிலர் பதறி அதை ஸ்மூத் செய்துவிடுகிறார்கள். வேண்டாம். படலத்தின் மேல் முகத்திலும் அடி முகத்திலும் எதிரொளித்த கதிர்கள் குறுக்கிடுவதால் வரும் அலைகள் அவை. படலம் சீராக, வழவழப்பாக இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி. இவற்றிலிருந்து ஒளிவிலகல் எண்ணையும் தடிமனையும் எடுக்கும் வழியை மனிஃபாசியேயும் கூட்டாளிகளும் 1976-இல் தந்தார்கள். ஸ்வானபோல் 1983-இல் அதை விரிவாக்கினார்.

மேல் முகடுகளை ஒரு வழவழப்பான கோட்டால் இணையுங்கள், கீழ்ப் பள்ளங்களை இன்னொரு கோட்டால். ஒரே அலைநீளத்தில் மேல்கோட்டின் மதிப்பு 0.90, கீழ்க்கோட்டின் மதிப்பு 0.72 என்று வைப்போம். கண்ணாடியின் எண் 1.52. முதலில் ஒரு இடைநிலை எண்: இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் பெருக்கத்தால் வகுத்து, இருமடங்கு கண்ணாடி எண்ணால் பெருக்கினால் 0.844. அதோடு கண்ணாடி எண்ணின் வர்க்கத்தில் ஒன்றைக் கூட்டிய பாதியைச் சேர்க்க வேண்டும், அது 1.655. மொத்தம் 2.50. இதன் வர்க்கத்திலிருந்து கண்ணாடி எண்ணின் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 1.98. இதை 2.50-ஓடு கூட்டி மறுபடி வர்க்கமூலம்: 2.12. அதுதான் படலத்தின் ஒளிவிலகல் எண்.

தடிமனுக்கு, பக்கத்துப் பக்கத்து இரண்டு முகடுகள். 1000 நானோமீட்டரில் எண் 2.00, 680-இல் 2.04 என்றால், இரண்டு அலைநீளங்களின் பெருக்கம் 6,80,000. கீழே 2 × (1000 × 2.04 − 680 × 2.00), அதாவது 1,360. விடை 500 நானோமீட்டர். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 2.04-க்குப் பதில் 2.10 என்று வந்திருந்தால் விடை 459. எண்ணில் மூன்று சதவீதப் பிசகு, தடிமனில் எட்டு சதவீதமாகப் பெருகிவிடுகிறது. இதனால்தான் ஒரு ஜோடி முகட்டை நம்பாமல், கிடைக்கும் எல்லா முகடு பள்ளங்களுக்கும் செய்து, வரிசை எண்ணைச் சரிபார்க்க வேண்டும். தடிமனை எண்ணால் பெருக்கி இரட்டிப்பாக்கி அலைநீளத்தால் வகுத்தால், முகடுகளில் முழு எண்ணும் பள்ளங்களில் அரை எண்ணும் வர வேண்டும். மேலே உள்ள உதாரணத்தில் 1000-இல் 2, 680-இல் 3. உங்களுக்கு 2.3, 3.3 என்று வந்தால் எங்கோ பிசகு. எக்செல்லிலேயே ஒரு தாளில் எல்லாம் முடியும். தனி மென்பொருள் வேண்டாம்.

டாக் பிளாட்

யான் டாக்கும் உடன் பணியாற்றியவர்களும் 1966-இல் உருவமற்ற ஜெர்மானியத்துக்கு என்று வரைந்த வரைபடம் இது. இப்போது எல்லாப் பொருளுக்கும் போடுகிறோம். அலைநீளத்தை ஆற்றலாக்க, 1239.84-ஐ நானோமீட்டரால் வகுங்கள். விடை எலெக்ட்ரான் வோல்ட்டில் வரும். உட்கவர் குணகத்தை ஆற்றலால் பெருக்குங்கள். நேரடி இடைவெளி என்றால் அதன் வர்க்கம், மறைமுக இடைவெளி என்றால் அதன் வர்க்கமூலம். ஆற்றலுக்கு எதிராக வரைந்து, நேர்ப்பகுதியை நீட்டி, கிடை அச்சை வெட்டும் இடத்தைப் படியுங்கள். அதுதான் பேண்ட் கேப்.

எந்த அடுக்கு (வர்க்கமா, வர்க்கமூலமா) என்பதை வரைபடம் நேராக வருகிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். குறுகிய துண்டை எடுத்தால் எல்லாமே நேராகத்தான் தெரியும். ஜிங்க் ஆக்சைடு, காட்மியம் சல்ஃபைடு, காட்மியம் டெல்லுரைடு நேரடி. அனடேஸ் டைட்டானியம் ஆக்சைடு, சிலிக்கான் மறைமுகம். இது பொருளின் பட்டை அமைப்பில் உள்ள செய்தி, கருவி சொல்லித் தர வேண்டியதில்லை.

முன்னால் சொன்ன பொறுமையின் ரகசியம் இங்கே வருகிறது. தடிமன் தப்பு என்றால் உட்கவர் குணகம் எல்லா இடத்திலும் ஒரே மடங்கில் மாறும். கோடு செங்குத்தாகும், படுக்கும். கிடை அச்சை வெட்டும் புள்ளி மாறாது. அப்சார்பன்ஸை 2.303-ஆல் பெருக்க மறந்தாலும் அதே கதை. அதனால்தான் இந்தத் தப்புகள் ரிப்போர்ட்டில் கடைசி வரை பிடிபடாமல் போகின்றன. அதே குணகத்திலிருந்து எக்ஸ்டிங்ஷன் குணகமும் ஆப்டிகல் கண்டக்டிவிட்டியும் கணக்கிட்டு அட்டவணை போடும்போது அத்தனையும் தப்பாகிவிடும்.

பேண்ட் கேப்பை நிஜமாகவே நகர்த்துவது வேறு. சிதறலால் அடித்தளம் தூக்கி நின்றால் வெட்டும் புள்ளி குறைந்த ஆற்றல் பக்கம் சரியும். அப்போது விளிம்புக்கு முன்னால் உள்ள சாய்ந்த பகுதிக்கும் ஒரு நேர்கோடு போட்டு, இரண்டு கோடுகளும் சந்திக்கும் இடத்தை எடுப்பது மேல். குறிப்பாக டோப் செய்த (வேறு தனிமம் சிறிது சேர்த்த) சாம்பிள்களுக்கு இது தேவை. படலம் தடிமனாகி ஊடுருவல் கருவியின் பூஜ்யத்தைத் தொட்டுவிட்டால், உச்சியில் கோடு வளைந்து பொய்யான நேர்ப்பகுதி காட்டும். அப்சார்பன்ஸ் 3-ஐத் தாண்டிய புள்ளிகளைத் தூக்கிவிடுங்கள். குறுக்கீட்டு அலையின் ஒரு சரிவை விளிம்பு என்று நினைத்துக் கோடு போடுபவர்களும் உண்டு. எதிரொளிப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால் அந்த அலை பெரிதும் அடங்கும்.

எத்தனை தசமம்? 380 நானோமீட்டரில் ஒரு நானோமீட்டர் என்பது 0.009 எலெக்ட்ரான் வோல்ட். கோடு போடும் துண்டைக் கொஞ்சம் மாற்றினாலே 0.02, 0.03 ஆடும். எனவே 3.2674 என்று எழுதுவதில் அர்த்தமில்லை. ஆரிஜின் மென்பொருளில் நாலைந்து விதமாகத் துண்டை மாற்றிப் பொருத்தி, சராசரியையும் ஆட்டத்தையும் 3.27 ± 0.02 என்று எழுதுங்கள். அலுமினியம் டோப் செய்ததும் 3.27-இலிருந்து 3.29-க்கு ஏறியது, எனவே பர்ஸ்டீன்–மாஸ் விளைவு (மின்னூட்ட ஊர்திகள் கூடுவதால் பேண்ட் கேப் அகன்று தெரிவது) என்று எழுதும் ரிப்போர்ட்டுகளைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வரும். ஏற்றமே பிழைக்குள் அடங்கிவிடுகிறதே! ஹால் அளவீட்டில் மின்னூட்ட ஊர்திகளின் செறிவு ஏறியதைக் காட்டினால் அந்தப் பேச்சுக்கு இடமுண்டு.

எதிரொளிப்பிலிருந்து உட்கவர்தலை மதிப்பிடும் குபெல்கா–மங்க் சார்பைத் தெளிவான மென்படலத்துக்குப் போட வேண்டாம். அது தூளுக்கு.

உர்பாக் ஆற்றல் கேட்டால்

உட்கவர் குணகத்தின் இயல் மடக்கையை ஆற்றலுக்கு எதிராக வரைந்து, விளிம்புக்குச் சற்றுக் கீழே உள்ள நேர்ப்பகுதியின் சாய்வின் தலைகீழ் மதிப்பை எடுப்பது. வரைவது சுலபம். ஆனால் பலவீனமான உட்கவர்தல் பகுதியில்தான் இது இருக்கிறது. மூன்று மடங்கு பிசகு வந்த அதே பகுதி. எதிரொளிப்பு அளக்காமலும், சிதறலைக் கவனிக்காமலும் உர்பாக் ஆற்றலை எழுதி, "குறைபாடுகள் கூடின" என்று முடிவு கட்டாதீர்கள். வழிகாட்டி ஆசிரியர் கேட்கிறார் என்றால், எதிரொளிப்பு இல்லை என்பதையும் கூடவே எழுதிக் கொடுங்கள்.

எலிப்சோமெட்ரி அடுத்த படி. எலிப்சோமீட்டர் எதிரொளித்த ஒளியின் முனைவாக்கம் எப்படி மாறியது என்பதை அளக்கும். சில நானோமீட்டர் தடிமன்கூட அதில் தெரியும். ஆனால் அது தருவது இரண்டு கோணங்கள் மட்டுமே. ஒளிவிலகல் எண் வேண்டுமென்றால் நீங்கள் படலத்துக்கு ஒரு கணித மாடலைக் கட்டிப் பொருத்த வேண்டும். மேற்பரப்புக் கரடுமுரடைக் கணக்கில் சேர்க்காவிட்டால் அழகாகப் பொருந்திய தப்பான விடை வரும். தனியாக அளந்த தடிமனும் ஊடுருவலும் கையில் இல்லாமல் அதற்குப் போக வேண்டாம்.

ரிப்போர்ட்டில் எழுத வேண்டியவை

கருவியின் மாடல், ஸ்லிட் அகலம், இடைவெளி, ஒப்பீடு காற்றா கண்ணாடியா, எதிரொளிப்பு எந்த இணைப்பில், எதோடு ஒப்பிட்டு, தடிமன் எந்த முறையில், எவ்வளவு பிழையோடு, டாக் பிளாட்டில் எந்த ஆற்றலிலிருந்து எந்த ஆற்றல் வரை கோடு பொருத்தியது. முதலில் அசல் ஊடுருவல் வரைபடம், அதிலேயே வெறும் ஸ்லைடின் கோடும். அப்புறம்தான் டாக் பிளாட். ஊடுருவல் படத்தைக் காட்டாமல் நேராக டாக் பிளாட்டை ஒட்டியிருந்தால், நேர்காணலுக்கு வரும் எக்ஸாமினர் முதலில் கை வைப்பது அங்கேதான்.

கருவியிலிருந்து கோப்பை எடுக்கும்போது அப்சார்பன்ஸாக மட்டும் எடுக்காமல் ஊடுருவல் சதவீதமாகவும் எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள். சில கருவிகளின் சொந்தக் கோப்பு வடிவம் வேறு கணினியில் திறக்காது. டெக்ஸ்ட் கோப்பாகக் கேளுங்கள். பெயரில் பொருள், சாம்பிள் எண், தேதி மூன்றும் இருக்கட்டும். வெறும் ஸ்லைடின் கோப்பு, 100 கோடு, பூஜ்யக் கோடு மூன்றையும் அதே ஃபோல்டரில் போட்டு, பென் டிரைவில் ஒன்றும் மெயிலில் ஒன்றுமாக வையுங்கள். அளந்த ஸ்லைடுகளை ரிப்போர்ட் கொடுத்தவுடன் கழுவிவிடாமல், வைவா முடியும்வரை டெசிகேட்டரிலேயே வைத்திருங்கள். மறுபடி அளந்து காட்டச் சொல்லும் எக்ஸாமினர்களும் உண்டு.